லாங்டாங்: புதைந்த ஊரைக் கடந்து செல்லும் இமயமலைப் பாதை

நேபாளத் தலைநகர் காத்மண்டுவில் இருந்து வடக்கே, திபெத் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது லாங்டாங் பள்ளத்தாக்கு. எவரெஸ்ட், அன்னபூர்ணா ஆகிய பகுதிகளுக்கு அடுத்தபடியாக நடைபயணிகள் அதிகம் செல்லும் இமயமலைப் பாதைகளில் இதுவும் ஒன்று. பனிமலைகளையும் பழைய பௌத்த மடாலயங்களையும் ஒரே பயணத்தில் காணலாம் என்பதாலேயே பலர் இப்பாதையைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் இங்கு செல்பவர்கள் ஒரு பெரும் புதைகுழியையும் கடந்தே செல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி சில நிமிடங்களில் மண்ணுக்குள் போன ஒரு முழுக் கிராமம் அந்தப் பாதையின் கீழ்தான் கிடக்கிறது.

மறைந்த புகலிடம்

லாங்டாங் மக்கள் திபெத்திய வழிவந்தவர்கள். அவர்கள் பேசுவது திபெத்திய மொழியின் ஒரு வட்டார வழக்கு. பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதிகளில் தமாங் இன மக்கள் வாழ்கின்றனர். காணாமல் போன மாட்டைத் தேடிச் சென்ற ஒருவரே இந்தப் பள்ளத்தாக்கை முதலில் கண்டார் என்றும், மாட்டைப் பின்தொடர்ந்து சென்றதாலேயே லாங்டாங் என்ற பெயர் வந்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இவர்களுடைய சமய மரபில் இப்பள்ளத்தாக்கிற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. திபெத்தில் பௌத்தத்தை நிலைநாட்டியவராகப் போற்றப்படும் பத்மசம்பவர், போரும் துன்பமும் சூழும் காலத்தில் மக்கள் ஒதுங்கி வாழ்வதற்காக இமயமலையில் சில பள்ளத்தாக்குகளை மறைத்து வைத்தார் என்பது நம்பிக்கை. அவை ‘பேயுல்’ எனப்படுகின்றன. லாங்டாங்கும் அத்தகைய மறைந்த புகலிடங்களுள் ஒன்றாகவே கருதப்படுகிறது. புகலிடம் என்று நம்பிக் குடியேறிய மண்ணிலேயே பேரழிவு நிகழ்ந்தது என்பதை அறிந்தால்தான் அந்த மக்களின் இழப்பு எத்தகையது என்பது விளங்கும்.

1949இல் பிரித்தானிய மலையேறியான டில்மன் இப்பகுதிக்குச் சென்று வந்த பின்னரே வெளியுலகம் லாங்டாங்கைப் பற்றி அறியத் தொடங்கியது. 1976இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1,710 சதுர கிலோமீற்றர் பரப்பளவு கொண்ட இப்பூங்காவில் செம்பாண்டா, இமயமலைக் காட்டாடு போன்ற உயிரினங்கள் வாழ்கின்றன.

பாதை

காத்மண்டுவில் இருந்து சுமார் 120 கிலோமீற்றர் தொலைவில் உள்ள சியாப்ருபெசி என்ற சிற்றூரில் நடை ஆரம்பிக்கிறது. தூரம் குறைவாகத் தோன்றினாலும் மலை வீதி என்பதால் பேருந்தில் ஏழு, எட்டு மணித்தியாலங்கள் எடுக்கும்.

சியாப்ருபெசி சுமார் 1,500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து ஆற்றோரமாகக் காட்டுவழியே ஒரு நாள் நடந்தால் லாமா ஹோட்டல் என்னும் தங்குமிடம் வரும். இலங்கையின் அதியுயர் மலையான பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். இந்தப் பயணத்தின் முதல் இரவே ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் கழிகிறது. இரண்டாம் நாள் சுமார் 3,000 மீற்றர் உயரத்தில் உள்ள கோடாதபேலாவைக் கடந்ததும் காடு விலகி, பள்ளத்தாக்கு அகன்று திறக்கிறது. அதற்கு அப்பால் 3,430 மீற்றரில் லாங்டாங் கிராமம். அங்கிருந்து அரைநாள் நடையில் 3,870 மீற்றர் உயரத்தில் உள்ள கியான்ஜின் கோம்பாவை அடையலாம்.

கியான்ஜினில் ஒரு பழைய மடாலயமும், 1950களில் சுவிஸ் நாட்டவரின் உதவியுடன் தொடங்கப்பட்ட பாற்கட்டித் தொழிற்சாலையும் உள்ளன. உடல்நிலை இடம்கொடுத்தால் இங்கிருந்து சுமார் 4,770 மீற்றர் உயரமான கியான்ஜின் ரி, ஏறக்குறைய 5,000 மீற்றர் உயரமான செர்கோ ரி ஆகிய சிகரங்களுக்கு ஏறித் திரும்பலாம். 7,200 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் லாங்டாங் லிருங் மலை அங்கிருந்து மிக அருகில் தெரியும்.

அன்று நடந்தது

2015 ஏப்ரல் 25ஆம் திகதி சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்குச் சில நிமிடங்கள் முன்னதாக, 7.8 அளவிலான நிலநடுக்கம் நேபாளத்தைத் தாக்கியது. நாடெங்கும் ஏறக்குறைய 9,000 பேர் உயிரிழந்தனர். லாங்டாங்கில் நடந்தது வேறுவிதமான அழிவு. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் வழமைக்கு மாறாக அதிக பனி பெய்திருந்தது. நடுக்கத்தில் மலைச்சரிவில் இருந்து பெயர்ந்த பனியும் பனிக்கட்டியும் பாறையும் ஒன்றாகச் சேர்ந்து நேரே கிராமத்தின் மேல் விழுந்தன. அதன் முன்னால் எழுந்த காற்றின் வேகத்தில் எதிர்ப்பக்க மலைச்சரிவில் நின்ற மரங்களும் வேரோடு சாய்ந்தன.

உள்ளூர் மக்களும் வழிகாட்டிகளும் வெளிநாட்டுப் பயணிகளுமாக 300க்கும் மேற்பட்டோர் அந்தப் பள்ளத்தாக்கில் மாண்டனர். பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. கிராமத்தில் செங்குத்தான பாறையை ஒட்டிக் கட்டப்பட்டிருந்த ஒரேயொரு வீடு மட்டும் தப்பி நின்றது.

உயிர் தப்பியவர்கள் ஹெலிகொப்டர்கள் மூலம் காத்மண்டுவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சுயம்புநாத் குன்றின் அருகே உள்ள ‘மஞ்சள் கும்பா’ என அழைக்கப்படும் மடாலயத்தின் வளவில் கூடாரங்கள் அமைத்து அவர்கள் பல மாதங்கள் தங்கினர். முகாமில் இருந்தபடியே தமக்கென ஒரு குழுவை அமைத்து, யார் யார் இறந்தனர், யாருடைய பிள்ளைகள் எஞ்சியுள்ளனர், எந்தக் காணி யாருடையது என்பவற்றைப் பதிவு செய்யும் வேலையைத் தொடங்கினர். ஊர் திரும்புவதற்கான திட்டமும் அங்கேயே உருவானது. 2016 அளவில் தேநீர்க்கடைகளும் தங்கும் விடுதிகளும் ஒவ்வொன்றாக மீண்டும் திறக்கப்பட்டன. புதைந்த இடத்தில் மீண்டும் எவரும் வீடு கட்டவில்லை. இப்போதைய கிராமம் அதற்குச் சற்று அப்பால் எழுந்துள்ளது.

மடாலயங்களும் மணிச் சுவர்களும்

இங்குள்ள கோம்பாக்கள் இலங்கையில் நாம் அறிந்த தேரவாத விகாரைகளில் இருந்து வேறுபட்டவை. லாங்டாங் மக்கள் திபெத்திய பௌத்தத்தின் மிகப் பழைய பிரிவான நிங்மா மரபைப் பின்பற்றுபவர்கள். இங்குள்ள லாமாக்களில் பெரும்பாலானோர் திருமணம் செய்து, பயிர் செய்து, ஊரவர்களுள் ஒருவராக வாழ்பவர்கள். பிறப்பு, நோய், இறப்பு ஆகிய எல்லாவற்றிற்கும் அவர்களே சடங்கு செய்கின்றனர்.

இறந்தவரின் உயிர் அடுத்த பிறவியை அடைய 49 நாட்கள் வரை ஆகலாம் என்பது இவர்களின் நம்பிக்கை. அந்த நாட்களில் உயிருக்கு வழிகாட்டும் வகையில் லாமாக்கள் ஏடுகளை ஓதுவார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கும் இச்சடங்கைச் செய்யலாம். அதற்கு இறந்தவரின் பெயர் வேண்டும்.

பெயர்களுக்கு அவர்கள் கொடுக்கும் இடத்தை லாங்டாங்கில் நேரிலேயே காணலாம். மந்திரங்கள் பொறித்த கற்களை அடுக்கிக் கட்டப்படும் மணிச் சுவர்கள் இமயமலைப் பகுதியில் பரவலாக உண்டு. லாங்டாங்கிற்கு மேலே செல்லும் பாதையின் நடுவே உள்ள சுவர், நேபாளத்தின் மிக நீளமான மணிச் சுவர்களில் ஒன்று. நிலநடுக்கத்தின் பின்னர் இதே மரபில் நினைவுச் சுவர் ஒன்றும் எழுப்பப்பட்டது. அதில் ஊரவர், வழிகாட்டிகள், வெளிநாட்டவர் என்ற வேறுபாடின்றி இறந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சிதைந்த மடாலயமும் திருத்தப்பட்டு வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது.

மணிச் சுவரையும் தூபியையும் எப்போதும் வலப்பக்கமாக வைத்தே கடந்து செல்ல வேண்டும். கோயிலில் வலம் வந்து பழகிய எமக்கு இது புதிதல்ல. சுவரின் மேல் அமர்வதோ பொதிகளைச் சாய்த்து வைப்பதோ பெருங்குற்றமாகக் கருதப்படும். மடாலயத்தினுள் பாதணிகளைக் கழற்றிச் செல்ல வேண்டும். அனுமதி பெறாமல் படம் எடுக்கக் கூடாது. கதவு பூட்டியிருந்தால் ஊரில் கேட்டால் திறப்பு வைத்திருப்பவரைக் காட்டுவார்கள். புதைந்த கிராமத்தின் மேலாகச் செல்லும்போது உரத்த பேச்சையும் பாட்டையும் தவிர்ப்பது நல்லது. அந்தக் கற்களின் கீழ் இன்னும் மனிதர்கள் இருக்கின்றனர்.

திரும்பும் வழியில் கோசைகுண்டம்

நாட்கள் இருப்பவர்கள் திரும்பும் வழியில் துலோ சியாப்ரு, 3,330 மீற்றரில் உள்ள சிங் கோம்பா ஆகியவற்றின் ஊடாகக் கோசைகுண்டம் ஏரிக்கும் செல்லலாம். இது 4,380 மீற்றர் உயரத்தில் உள்ளது. பாற்கடல் கடைந்தபோது எழுந்த ஆலகால நஞ்சை உண்ட சிவபெருமான், தொண்டையின் வெப்பம் தணியத் திரிசூலத்தால் மலையைக் குத்தி வருவித்த நீரே இந்த ஏரி என்பது ஐதீகம். ஆவணி முழுநிலவை ஒட்டி ஆயிரக்கணக்கானோர் இங்கு வந்து நீராடுகின்றனர். சைவர்களுக்கும் பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலமாகும்.

உயரமும் உடலும்

கியான்ஜின் கோம்பாவில் மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் குறைவு. செர்கோ ரியின் உச்சியில் அது ஏறக்குறைய பாதிதான். சமவெளியில் வாழும் எவருக்கும், அவர் எவ்வளவு உடற்பலம் உள்ளவராயினும், உயர நோய் வரலாம். தலைவலி, குமட்டல், பசியின்மை, நித்திரையின்மை என்பன அதன் முதல் அறிகுறிகள். இவை தோன்றினால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழம்பினாலோ, ஓய்வாக இருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ இரவென்றும் பாராமல் உடனே கீழே இறங்க வேண்டும். தாமதித்தால் உயிராபத்து ஏற்படும்.

3,000 மீற்றருக்கு மேல், ஒருநாள் இரவு தூங்கும் இடம் முந்தைய இரவின் இடத்தைவிட 500 மீற்றருக்கு மேல் உயராதிருப்பது பாதுகாப்பானது. மூன்று, நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். இதனாலேயே லாமா ஹோட்டலில் இருந்து ஒரே நாளில் லாங்டாங்கிற்கு ஏறாமல், கோடாதபேலாவில் ஓரிரவு தங்குவது நல்லது. இதய நோய், சுவாச நோய் உள்ளவர்கள் வைத்திய ஆலோசனை பெற்றே புறப்பட வேண்டும்.

பங்குனி முதல் வைகாசி வரையும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களும் ஏற்ற காலம். சார்க் நாட்டவர் என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஆண்டில் முதல் 30 நாட்களுக்கான நேபாள விசா இலவசம். தேசியப் பூங்காவுக்கான கட்டணமும் ஏனைய வெளிநாட்டவர் செலுத்துவதில் பாதிதான். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடைபயணிகள் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்த வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. வழிகாட்டியை லாங்டாங் ஊரவர்களில் இருந்தே தேர்ந்தெடுக்கலாம். கொடுக்கும் பணம் அந்த ஊருக்கே போய்ச் சேரும். சுவரில் உள்ள பெயர்கள் யாருடையவை என்பதையும் அவர்கள் அறிவர். கேட்டால் சொல்வார்கள். சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தாமல் விடுவதே முறை.