டீஸ், பெஸ்டர், ஹராஸ்: தொந்தரவுக்கு எத்தனை பெயர்?

தொந்தரவு செய்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு டஜன் வினைச்சொற்களாவது இருக்கு. அனாய், பாதர், பெஸ்டர், டீஸ், பேட்ஜர், ஹாரி, ஹராஸ், மொலஸ்ட்... சின்ன ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் புரட்டினால் பாதிக்கு மேல் "தொல்லை கொடு" என்றுதான் போட்டிருக்கும். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. நம்ம நச்சரிப்பு, சீண்டல், வதை மூன்றும் எப்படி வேறு வேறோ அப்படித்தான். வித்தியாசம் புரிய அந்தச் சொற்கள் பிறந்த இடத்தைப் பார்த்தால் போதும்.

லேசானதிலிருந்து தொடங்கலாம். அனாய் என்பது மனசில் ஏற்படுகிற எரிச்சல். "எனக்கு வெறுப்பாக இருக்கிறது" என்ற பொருளுள்ள லத்தீன் தொடரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. யாரும் வேண்டுமென்று செய்யணும்னு கட்டாயமில்லை. சொட்டுகிற குழாய்கூட நம்மை அனாய் செய்யும். ஆனால் குழாய் பெஸ்டர் செய்யாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும், அவர் திரும்பத் திரும்ப எதையாவது கேட்க வேண்டும். பிரெஞ்சில் இதன் மூலச்சொல்லுக்குக் குதிரையின் காலைக் கட்டிப்போடுவது என்று பொருள். பிற்பாடு, கொள்ளைநோயைக் குறிக்கும் பெஸ்ட் என்ற சொல்லின் சாயலும் இதில் ஒட்டிக்கொண்டது.

பேட்ஜர் என்பது இங்கிலாந்தில் வளை தோண்டி வாழும் ஒரு காட்டு விலங்கு. அதைப் பிடித்து அடைத்து, நாய்களை ஏவிக் கடிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பது அங்கே ஒரு பொழுதுபோக்காக இருந்தது. 1835-இல்தான் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். கேள்வி மேல் கேள்வி கேட்டு ஒருவரைத் திணறடிப்பதற்கு அந்த விலங்கின் பெயரே வினைச்சொல் ஆகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, அடைபட்டவருக்குத் தப்பிக்க வழியில்லை என்பது.

ஹாரி இன்னும் கொடூரம். பழைய ஆங்கிலத்தில் "படை" என்ற சொல்லிலிருந்து பிறந்தது. படையோடு வந்து சூறையாடுவது என்று பொருள். 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மண்டி வில்லியம், 1069-70 குளிர்காலத்தில் கிளர்ச்சி செய்த வடபகுதியை எரித்தார். பயிர், கால்நடை எதையும் விடவில்லை. மக்கள் பசியில் செத்தார்கள். 1086-இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கில்கூட யார்க்‌ஷயரின் பல ஊர்கள் பாழ்நிலம் என்றே பதிவாகியிருக்கின்றன. அந்த அழிப்புக்கு வரலாற்றாசிரியர்கள் வைத்த பெயரில் ஹாரி என்ற இந்தச் சொல்தான் இருக்கிறது.

ஹராஸ் 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆரம்பப் பொருள் "களைத்துப் போகச் செய்". நாயை ஏவும் கூச்சலிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். ராணுவத்தில் இன்றும் ஹராஸிங் ஃபயர் என்று ஒன்று உண்டு. எதிரியைத் தூங்கவிடாமல், நிம்மதியாக நடமாட விடாமல் விட்டுவிட்டுச் சுடுவது. ஒரு குண்டில் ஆளை முடிப்பதல்ல, ஆளைத் தேய்ப்பதுதான் நோக்கம். பிரிட்டனின் 1997 சட்டமும் இந்தப் பொருளைத் தொடர்கிறது: ஒரு தனிநபரை ஹராஸ் செய்ததாகச் சொல்ல, குறைந்தது 2 முறையாவது அந்த நடத்தை நிகழ்ந்திருக்க வேண்டும்.

டீஸ் இதற்கு நேர் எதிர்முனை. முதலில் அது கம்பளி நூற்பவர்களின் சொல். சிக்குப் பிடித்த இழைகளைப் பிய்த்துப் பிரிப்பது. துணியின் மேல் மயிரிழைகளை எழுப்பப் பயன்பட்ட முட்செடிக்கும் டீசல் என்றுதான் பெயர் (வண்டிக்கு ஊற்றும் டீசல் இல்லை!). பிறகு மனிதர்களைக் கிள்ளிச் சீண்டுவதற்கு வந்து, கடைசியில் விளையாட்டுக் கேலி என்ற அளவுக்கு மென்மையானது.

மொலஸ்ட் போன பாதை இதற்குத் தலைகீழ். லத்தீனில் வெறும் தொந்தரவு. ஸ்பானிஷில் இப்பவும் அப்படித்தான். ஓட்டல் அறைக் கதவில் "தொந்தரவு செய்யாதீர்" என்று தொங்கும் அட்டையில் மொலெஸ்தார் என்ற சொல்லைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் அது பாலியல் குற்றத்தின் பெயராகிவிட்டது.

சரி, இதெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சியா? இல்லை. எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதில்தான் குற்றத்தின் எடையே இருக்கு. 1975-இல் அமெரிக்காவின் இத்தாக்கா நகரில், கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஒரு பெண், மேலதிகாரியின் அத்துமீறலால் வேலையை விட்டார். அவருக்காகக் கூடிய பெண்களிடம் அந்த அனுபவத்துக்குப் பெயரே இல்லை. மிரட்டல், கட்டாயம் என்று பல சொற்களை யோசித்துவிட்டு ஹராஸ்மென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளிப்படையானது, மறைமுகமானது, விடாமல் தொடர்வது எல்லாமே அந்த ஒரு சொல்லில் அடங்கியது. 11 வருடம் கழித்து, 1986-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அது சட்டவிரோதமான பாகுபாடு என்று ஏற்றது.

இந்தியாவில் புழங்கியதோ "ஈவ் டீஸிங்". பைபிளின் ஏவாள் ஒரு பக்கம், கம்பளிக்காரரின் மென்மையான சொல் இன்னொரு பக்கம். அவள்தான் தூண்டினாள், இவன் சும்மா விளையாடினான் என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. 1998-இல் சென்னையில், தெருவில் இளைஞர்கள் செய்த அத்துமீறலில் ஒரு கல்லூரி மாணவி விழுந்து அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ஈவ் டீஸிங்தான். ஓர் உயிர் போன பிறகும் "டீஸிங்"! 2002-இல் திருத்தம் செய்து, பெயரில் ஹராஸ்மென்ட் என்று மாற்றினார்கள். தென்காசிப் பேருந்து நிலையத்தில் நடந்த ஒரு சம்பவம் பற்றிய வழக்கில், 2012-இல் உச்ச நீதிமன்றமும் ஈவ் டீஸிங் என்பது பூசி மெழுகும் சொல் என்று குறிப்பிட்டது.

ஆங்கிலப் பெயர் மாறிவிட்டது. தமிழில்? நம்ம செய்தித்தாள்களில் இன்றைக்கும் "பாலியல் சீண்டல்" சர்வசாதாரணம். சீண்டல் என்பது டீஸுக்கு அப்படியே பொருந்தும் தமிழ். அண்ணன் தங்கையைச் சீண்டுவான், குழந்தை பூனையைச் சீண்டும். ஒரு பெண் வழியை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு, படிப்பையே நிறுத்தும் அளவுக்கு ஒருவன் தினமும் பின்தொடர்ந்தால் அதுவும் சீண்டலா? "துன்புறுத்தல்" என்று நம்மிடமே சொல் இருக்கு. தலைப்பில் மூன்று எழுத்து கூடும், அவ்வளவுதான்.