உணவக டிப்ஸ்: விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் இனாமும் உரிமையும்

உணவகத்தில் சாப்பிட்டு முடித்தவர், பில் தொகைக்கு மேல், பரிமாறியவருக்கென்று தாமாக விட்டுச்செல்லும் சிறு தொகை டிப்ஸ் எனப்படுகிறது. இது இனாம், அன்பளிப்பு என்ற சொற்களாலும் குறிக்கப்படுகிறது. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் இவ்வழக்கத்தை வணிகர்களின் மகமை, ஆலைத் தொழிலாளர்களின் தீபாவளி போனஸ், ஓய்வுபெறுவோரின் பணிக்கொடை ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதே அதன் இயல்பு தெளிவாகிறது. போனஸும் பணிக்கொடையும் முதலாளியின் மனமுவந்த கொடையாகத் தொடங்கிப் பின்னர் சட்ட உரிமைகளாக மாறியவை. சர்வரின் டிப்ஸ் மட்டும் இன்றும் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்ததாகவே இருந்துவருகிறது.

சொல் வரலாறு

'இனாம்' அரபு மூலத்திலிருந்து வந்த சொல். அரசர்களும் பாளையக்காரர்களும் கோயிலுக்கும், கல்விமான்களுக்கும், ஊர் ஊழியம் செய்தோருக்கும் வரியின்றியோ குறைந்த வரியிலோ விட்டுக்கொடுத்த நிலம் இனாம் நிலம் எனப்பட்டது. சென்னை மாகாணத்தில் இத்தகைய நிலங்களின் உரிமையை ஆராய 1858ஆம் ஆண்டில் இனாம் ஆணையம் அமைக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டுச் சட்டங்கள் இம்முறையை ஒழித்தன. விருதுநகரை அடுத்த இனாம் ரெட்டியபட்டி போன்ற ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. நிலத்தைக் குறித்த சொல் காலப்போக்கில் கைக்காசைக் குறிக்கும் சொல்லாயிற்று. ஆயினும் மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு மகிழ்ந்து தருவது என்ற பழைய பொருள் அதைவிட்டு நீங்கவில்லை.

'மாமூல்' என்பதும் அரபுச் சொல்லே. வழக்கமானது என்பது அதன் நேர்ப்பொருள். வழக்கமாகத் தரப்படும் தொகையைக் குறித்து, பின்னர் கையூட்டையும் குறிக்கலாயிற்று. 'டிப்ஸ்' ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஓர் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவான சொல் இது என்று பலர் நம்புகின்றனர். அது பிற்காலத்தில் எழுந்த கதை. 'கொடு' என்ற பொருளில் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கொச்சை வழக்கிலேயே அச்சொல் இருந்தது.

கொடுப்பவர் எவ்வாறு கொடுக்கிறார் என்பதைத் தமிழ் மரபு நெடுங்காலமாகவே கவனித்து வந்திருக்கிறது. புறநானூற்றின் 208ஆம் பாடலில், அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமல் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுக்கிறார். தகுதி அறிந்து தருவதாயின் தினையளவே போதும் என்பது அவர் நிலை. மேசைமேல் விட்டுச்செல்லும் காசைப் பற்றிய இன்றைய விவாதங்களுக்குள்ளும் இக்கேள்வி இருக்கிறது.

மகமை: கணக்கில் வரும் கொடை

1876இல் மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதை வந்தபின் விருதுபட்டி பெரிய வணிக ஊராக வளர்ந்தது. 1923இல் அதன் பெயர் விருதுநகர் என மாற்றப்பட்டது. விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் நாடார் வணிகர்கள் உறவின்முறை என்ற அமைப்பின்கீழ் மகமை திரட்டினர். விற்கும் சரக்கின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகையை ஒவ்வொரு வணிகரும் பொதுநிதிக்குத் தருவதே மகமை. பேட்டை, கிணறு, கோயில், கல்விக்கூடம் ஆகியவற்றுக்கு அந்நிதி செலவிடப்பட்டது. 1889இல் விருதுபட்டியில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை இவ்வகைப் பொதுப்பணத்தாலும், வீடுதோறும் திரட்டிய பிடியரிசியாலும் வளர்ந்தது. பின்னாளில் முதலமைச்சரான காமராசர் அப்பள்ளியில் பயின்றவர்.

மகமையில் தருபவரின் மனநிலைக்கு இடமில்லை. விகிதம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது, கணக்கு எழுதப்பட்டது, பயனும் பொதுவானது. இனாம் இதற்கு நேர்மாறானது. அதற்கு விகிதம் இல்லை, கணக்கும் இல்லை. ஒரே வட்டாரத்தில் இவ்விரு முறைகளும் அருகருகே வாழ்ந்தன.

கொடை உரிமையானது எவ்வாறு

முதல் உலகப் போரின்போது விலைவாசி உயர்ந்தது. பம்பாய், அகமதாபாத் பஞ்சாலை முதலாளிகள் 1917ஆம் ஆண்டில் போர்க்கால போனஸ் வழங்கினர். அது முதலாளியின் விருப்பக் கொடையாகவே கருதப்பட்டது. தொழிற்சங்கங்களின் போராட்டங்களும் தீர்ப்பாயங்களின் முடிவுகளும் அக்கருத்தை மெல்ல மெல்ல மாற்றின. 1965ஆம் ஆண்டின் போனஸ் வழங்கல் சட்டம் குறைந்த அளவு 4 விழுக்காடு, உச்ச அளவு 20 விழுக்காடு என வரையறுத்தது. தொழிற்சாலைகளுக்கும், 20 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் பிற நிறுவனங்களுக்கும் அது பொருந்தியது.

நீண்டகாலம் உழைத்தவருக்கு முதலாளி விடைகொடுக்கும்போது தரும் வெகுமதியாகவே பணிக்கொடையும் தொடங்கியது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடை வழங்கல் சட்டம் அதை உரிமையாக்கியது. ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கு வந்தது. பத்துப் பேர் பணிபுரியும் கடைகளும் அதன் வரம்புக்குள் வந்தன.

சிவகாசி வட்டாரத்தில் இம்மாற்றம் கண்கூடாகத் தெரியும். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததிலிருந்து இவ்வட்டாரத்தின் தொழில் வரலாறு தொடங்குகிறது. பின்னர் அச்சும் பட்டாசும் வளர்ந்தன. பட்டாசுத் தொழிலின் ஆண்டுக்கணக்கு தீபாவளியோடு முடிகிறது. பண்டிகைக்கு முந்தைய நாட்களில் ஆலைகளில் போனஸ் பட்டுவாடா நடைபெறும். துணிக்கடை, நகைக்கடை, உணவகம் என எல்லா இடங்களிலும் அப்பணம் புழங்கும். அதே நாட்களில் தபால்காரர், காவலாளி, துப்புரவுத் தொழிலாளி முதலியோர் தீபாவளி இனாம் கேட்டு வீட்டுப்படி ஏறுவதும் உண்டு. ஒரே பண்டிகையில் ஒரு பணம் உரிமையாகவும் மற்றொரு பணம் கருணையாகவும் கைமாறுகிறது.

சர்வரின் நிலை

இவ்வட்டாரத்து மாலைநேர உணவுகளில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் விருதுநகர்ப் பரோட்டா பெயர்பெற்றது. அதைத் தரும் பரோட்டாக் கடை ஒன்றில் கல்லாவில் முதலாளியும், அடுப்பில் பரோட்டா மாஸ்டரும், மேசைகளுக்கிடையே சப்ளையர் எனப்படும் சர்வரும், பின்கட்டில் இலை எடுப்பவரும் பாத்திரம் கழுவுபவரும் இருப்பர். நாட்கூலி, இரண்டு வேளைச் சாப்பாடு, சில இடங்களில் தங்குமிடம் என்பதே ஊதிய ஏற்பாடு. சற்றுப் பெரிய உணவகங்களில் சிறு தட்டில் சோம்போடு பில் வரும். மீதிச் சில்லறை அதே தட்டில் திரும்பி வரும். எடுக்காமல் விட்ட சில்லறையே டிப்ஸ்.

சிறு கடைகளில் பெரும்பாலும் பத்துப் பேருக்கும் குறைவாகவே வேலை செய்கின்றனர். ஆகவே பணிக்கொடைச் சட்டமும் போனஸ் சட்டமும் அவர்களை எட்டவில்லை. இவ்விரு சட்டங்களும் பின்னர் 2019, 2020ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத்தொகுப்புகளில் இணைக்கப்பட்டபோதும் ஆள் எண்ணிக்கை வரம்பு நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும், வேலைநேரத்தையும் விடுமுறையையும் ஒழுங்குசெய்த 1958ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டமும் காகிதத்தில் துணைநின்றன. நடைமுறையில் பலருக்குக் கூலிக்கு மேல் கிடைப்பது டிப்ஸ் மட்டுமே.

அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வாடிக்கையாளரின் கண்ணில் படுபவர் சர்வர். அடுப்பின் வெக்கையில் நிற்கும் மாஸ்டரும் பாத்திரம் கழுவுபவரும் கண்ணில் படுவதில்லை. சில உணவகங்களில் கல்லா அருகே பொதுப்பெட்டி வைத்து, சேர்ந்த தொகையை அனைவருக்கும் பங்கிடும் வழக்கம் உண்டு. இது இனாமை மகமைபோல் ஆக்கும் முயற்சி எனலாம்.

மாறுபட்ட மனப்பாங்குகள்

டிப்ஸ் பற்றிய கருத்துகள் பலவகை. பரிமாறுவதில் காட்டும் அன்புக்கு நன்றி சொல்லும் வழி அது என்போர் ஒருசாரார். ஊதியம் தரவேண்டியது முதலாளியின் கடமை, அதை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்போர் மற்றொரு சாரார். டிப்ஸ் கொடுக்கும் மேசைக்குத் தனிக்கவனிப்பும், கொடுக்காத மேசைக்குத் தாமதமும் நேரும் என்ற கவலையும் உண்டு. அன்றாடம் சாப்பிடும் வாடிக்கையாளர் நாள்தோறும் சில்லறை வைப்பது அரிது. அவர் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ மொத்தமாக ஒரு தொகை தருவார்.

பெறுபவரிடையிலும் கருத்து ஒன்றல்ல. சிலர் அதை உழைப்பின் பலனாகக் கருதுகின்றனர். கைநீட்டி வாங்குவது கூச்சம் தருவதாக எண்ணுவோரும் உள்ளனர். 1964ஆம் ஆண்டு வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' திரைப்படம், அதுவரை பின்னணியில் நின்ற சர்வரைக் கதைநாயகனாக்கியது. அத்தொழிலின் மதிப்பு பற்றிய எண்ணத்தைப் பார்வையாளரிடம் அது எழுப்பியது.

நீதிமன்றங்களும் சேவைக் கட்டணமும்

பெரிய விடுதிகளில் டிப்ஸுக்குப் பதிலாகப் பில்லிலேயே சேவைக் கட்டணம் சேர்க்கும் முறை வந்தது. ஜெய்ப்பூர் ராம்பாக் அரண்மனை விடுதி தொடர்பான 1976ஆம் ஆண்டு வழக்கில், ஊழியர்களுக்காக வாடிக்கையாளரிடம் திரட்டிய தொகை விடுதி நிர்வாகத்தின் சொந்தப் பணம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் கருதியது. 2016இல் ஐ.டி.சி. நிறுவன வழக்கில், வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் ஊதியம் ஆகாது, அதன்மேல் முதலாளி ஊதிய வரியைப் பிடிக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது.

2022 ஜூலை 4ஆம் நாள் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது என நெறிமுறை வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச் 28ஆம் நாள் டெல்லி உயர் நீதிமன்றம் நெறிமுறை செல்லும் என்றது. சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.டி.) அரசுக்குச் செல்வது, கட்டாயம் செலுத்த வேண்டியது. சேவைக் கட்டணம் உணவகம் விதிப்பது, கட்டாயம் அல்ல. இவ்வேறுபாட்டை அறியாது இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் பலர். கட்டாயமாக வசூலிக்கப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலைபெற்ற கறுப்பினத்தவரைப் புல்மன் தொடர்வண்டி நிறுவனம் மிகக் குறைந்த கூலிக்கு அமர்த்தியது. எஞ்சியதைப் பயணிகளின் டிப்ஸில் ஈட்டிக்கொள்ளும்படி விட்டது. இவ்வழக்கம் மக்களாட்சிக்கு ஒவ்வாதது என்ற எதிர்ப்பும் எழுந்தது. 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடைசெய்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926க்குள் அத்தடைகள் அனைத்தும் நீக்கப்பட்டன. 1966இல் டிப்ஸ் பெறுவோருக்குத் தனியான குறைந்த ஊதியம் சட்டத்திலேயே இடம்பெற்றது. 1991 முதல் நாடளாவிய அளவில் அது மணிக்கு 2.13 டாலராக உள்ளது. பல மாநிலங்கள் இதைவிட உயர்ந்த அளவை வைத்துள்ளன. ஜப்பானில் டிப்ஸ் வழக்கமே இல்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸ் முழுவதையும் தொழிலாளர்களுக்கே பங்கிட வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் உள்ளது.

அமெரிக்க அனுபவம் தரும் எச்சரிக்கை ஒன்றுண்டு. டிப்ஸை நம்பி ஊதியத்தைக் குறைக்கத் தொடங்கினால், கொடை என்பது கூலியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இன்றைய நிலை

2016இல் யு.பி.ஐ. பணப்பரிமாற்ற முறை வந்தபின் சிறு கடைகளிலும் கியூஆர் அட்டை வந்துவிட்டது. பில் தொகை பைசா பிசகாமல் முதலாளியின் கணக்குக்குச் செல்கிறது. மீதிச் சில்லறை என்பதே இல்லாமல் போகிறது. தட்டில் காசு விழாத நாட்கள் கூடியிருப்பதால், சர்வரின் வருமானத்தில் எவ்வளவு பங்கு இனாமாக இருந்தது என்பது இப்போது வெளிப்படையாகிறது.

ஆலைத் தொழிலாளியின் போனஸ் கருணையிலிருந்து கணக்குக்கு வர ஏறத்தாழ அரைநூற்றாண்டு பிடித்தது. உணவகத் தொழிலாளி இன்னும் அப்பயணத்தின் தொடக்கத்திலேயே நிற்கிறார். நியாயமான கூலி முதலில் உறுதியானால், தட்டில் வைக்கப்படும் பத்து ரூபாய் நன்றியின் அடையாளமாக மட்டுமே இருக்கும். அதை வைப்பவருக்கும் எடுப்பவருக்கும் அப்போது கூச்சம் இராது.