பக்கக் காற்றுப்பை மின்சுற்றுப் பழுது

பக்கக் காற்றுப்பை மின்சுற்றுப் பழுது என்பது மகிழுந்தின் பக்கவாட்டுக் காற்றுப்பைக்கும் அதனை இயக்கும் கட்டுப்பாட்டு அலகுக்கும் இடையே உள்ள மின்சுற்றில் ஏற்படும் குறையாகும். பட்டறைகளில் இது சைடு ஏர்பேக் கோளாறு என வழங்கப்படுகிறது. இக்குறை நேர்ந்தால் முகப்புப் பலகையில் உள்ள காற்றுப்பை விளக்கு அணையாமல் எரியும். வண்டி வழக்கம்போல் ஓடும். ஆனால் மோதல் நிகழும்போது அந்தப் பையோ, சில வண்டிகளில் எல்லாப் பைகளுமோ விரியாமல் போகக்கூடும். பழுது பெரும்பாலும் பையில் இருப்பதில்லை; இருக்கைக்கு அடியில் உள்ள இணைப்பியிலோ கம்பியிலோதான் இருக்கும்.

அமைப்பு

இருக்கையில் பொருத்தப்படும் பக்கக் காற்றுப்பையை வால்வோ நிறுவனம் 1994 இல் அறிமுகப்படுத்தியது. முன்புற மோதலில் இயந்திரப் பகுதி நசுங்கி அதிர்ச்சியின் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். பக்கவாட்டில் பயணிக்கும் மோதும் வண்டிக்கும் இடையே இருப்பது கதவு மட்டுமே. ஆகவே உணரிகள் தரும் செய்தியைக் கொண்டு சில மில்லிநொடிகளில் கட்டுப்பாட்டு அலகு முடிவெடுக்க வேண்டும்.

பையை விரிக்கும் வளிமத்தை உண்டாக்கவோ திறந்துவிடவோ ஒரு சிறு மின்பற்றவைப்பி உள்ளது. அதனுள் இருக்கும் மெல்லிய கம்பி சூடாகி வெடிப்பொருளைப் பற்றவைக்கிறது. தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டியில் இதை விளக்குவது எளிது: உரசலின் வேலையை இங்கே மின்சாரம் செய்கிறது. பரவலாக உள்ள வகையில் ஏறத்தாழ 1.2 ஆம்பியர் மின்னோட்டம் 2 மில்லிநொடி பாய்ந்தால் போதும். இப்பற்றவைப்பியின் மின்தடை சுமார் 2 ஓம். கட்டுப்பாட்டு அலகு, பற்றவைக்கப் போதாத சிறு மின்னோட்டத்தை அனுப்பி இத்தடையை இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கும்.

பழுதின் தன்மை இந்த 2 ஓமிலிருந்தே புரியும். இணைப்பி முனையில் படியும் அழுக்கோ துருவோ ஓரிரு ஓம் தடையைக் கூட்டினால் வேறு பல மின்கருவிகளில் அது கண்ணுக்கே தெரியாது. இங்கோ மொத்தத் தடை இருமடங்காகிவிடுகிறது. அலகு உடனே பழுதெனப் பதிவு செய்கிறது.

கரிசல் நிலப் பகுதியில்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் மண் கோடையில் வெடித்து நுண்ணிய புழுதியாகப் பறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பசைபோலக் காலில் ஒட்டும். இரண்டும் வண்டிக்குள் வந்து சேரும் இடம் இருக்கையின் அடித்தளம். அங்கேதான் மஞ்சள் நிற இணைப்பி இருக்கிறது. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும்போதெல்லாம் அதன் கம்பி வளைந்து இழுபடுகிறது. உள்ளறையைக் கழுவ இருக்கையைக் கழற்றி, இணைப்பி பிரிந்த நிலையிலேயே சாவியைத் திருப்பினாலும் பழுதுக் குறியீடு பதிவாகிவிடும். இது பழுதே அன்று. ஆயினும் விளக்கு எரியும்.

மதுரை – திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் சிற்றூர்ச் சாலைகள் வந்து சேரும் இடங்களில் வண்டிகள் குறுக்கே கடக்கின்றன. பக்கவாட்டு மோதலுக்கு வாய்ப்புள்ள இடங்கள் இவையே என்பதால், இவ்விளக்கைப் பார்த்தும் பாராமல் ஓட்டுவது இங்கே சிறிய செய்தி அன்று.

பழுதறிதல்

முதலில் பழுதறி கருவியைக் கொண்டு குறியீட்டைப் படிக்க வேண்டும். மின்தடை அதிகம் எனக் காட்டினால் தளர்ந்த இணைப்பி, அழுக்கு, அறுந்த கம்பி ஆகியவற்றில் ஒன்றை ஐயுறலாம். மின்தடை குறைவு எனக் காட்டினால் காரணம் வேறு. இணைப்பியைப் பிரிக்கும்போது நிலைமின்சாரத்தால் பை வெடிக்காதிருக்க, இரு முனைகளையும் தாமாகவே ஒன்றுசேர்க்கும் ஒரு வில்தகடு அதனுள் உண்டு. பூட்டு முழுதாக அமராவிட்டால் அத்தகடு விலகாமல் நின்றுவிடும். உடலோடு குறுக்கிணைப்பு எனக் காட்டினால் இருக்கைத் தண்டவாளத்தில் உரசித் தோல் உரிந்த கம்பியைத் தேட வேண்டும்.

கை வைக்குமுன் சாவியை அணைத்து, மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி, கையேட்டில் கூறியுள்ள நேரம் காத்திருத்தல் கட்டாயம். மின்கலம் துண்டிக்கப்பட்டாலும் பையை விரிப்பதற்கான ஆற்றல் அலகின் மின்தேக்கிகளில் சிறிது நேரம் தங்கியிருக்கும். பின்னர் உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்க உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு இணைப்பியைப் பிரிக்கலாம்.

பையின் முனைகளில் பலமானியை வைத்துத் தடையை அளக்கக் கூடாது. மின்னோட்டம் மிகச் சிறிது, ஒன்றும் ஆகாது என்பாரும் உளர். அது எல்லாப் பலமானிகளுக்கும் பொருந்தாது. ஊசிமுள் வகைகள் சில தாழ்ந்த அளவீட்டில் கூடுதல் மின்னோட்டம் அனுப்பக்கூடியவை. சரியான முறை, பைக்குப் பதிலாக அதே தடையுள்ள சோதனைத் தடையத்தை இணைத்து, மின்கலத்தை மீண்டும் பொருத்திக் குறியீட்டைப் பார்ப்பதாகும். குறியீடு நீங்கினால் பழுது பையின் பக்கம். நீங்காவிட்டால் கம்பியிலோ அலகிலோ. இருக்கையை நகர்த்திப் பார்க்கும்போது மட்டும் பழுது வந்துபோனால் கம்பி உள்ளுக்குள் முறிந்திருக்கலாம்.

சரிசெய்தல்

இணைப்பியைத் துப்புரவாக்கிப் பூட்டு ஒலிக்கும்வரை அழுத்திப் பொருத்துவதே பல வண்டிகளில் போதுமானது. பழுதுபட்ட கம்பியைப் பற்றவைத்து ஒட்டுவதைப் பல உற்பத்தியாளர்கள் ஏற்பதில்லை. கம்பித்தொகுதியை மாற்றவோ குறிப்பிட்ட இணைப்புகளைப் பயன்படுத்தவோ சொல்கின்றனர். இறுதியில் குறியீட்டை அழித்து, சாவியைத் திருப்பியதும் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைகிறதா எனக் காண வேண்டும். விளக்கு எரியவே இல்லை என்றால் அதுவும் பழுதே. பழைய வண்டி வாங்குவோர் இதைக் கவனிப்பது நல்லது.

சோதனைத் தடையத்தை நிலையாகவே பொருத்திவிட்டால் விளக்கு அணைந்துவிடும், பை இல்லாமலும் போய்விடும். விளக்கைக் கழற்றிவிடுவதைவிட இது கேடானது, ஏனெனில் அலகு எல்லாம் சரி என்று பொய் சொல்லும். மின்சுற்று சரியாக இருந்தும் பை பயன்படாமல் போகும் வழி ஒன்றும் உண்டு: இருக்கையின் பக்கத் தையலை மூடிவிடும் தடித்த உறை. பை வெளிவரும் பக்கம் திறந்துள்ள உறைகளையே இவ்வகை இருக்கைகளுக்குப் பயன்படுத்த வேண்டும்.

இந்தியாவில் சட்டநிலை

இந்தியாவில் ஓட்டுநர் காற்றுப்பை 2019 சூலை 1 முதலும், புதிய வகை வண்டிகளில் முன்னிருக்கைப் பயணி காற்றுப்பை 2021 ஏப்ரல் 1 முதலும் கட்டாயமாயின. ஆறு பைகளைக் கட்டாயமாக்கும் வரைவு 2022 சனவரியில் வெளியாகி, 2023 அக்டோபருக்குத் தள்ளிவைக்கப்பட்டது; கட்டாயமாக்கப்போவதில்லை என 2023 செப்டம்பரில் நடுவண் அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். ஆயினும் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கொண்ட ஹூண்டாய் நிறுவனம் 2023 அக்டோபரில் தன் வண்டிகள் அனைத்திலும் ஆறு பைகளை அடிப்படை வசதியாக அறிவித்தது. இதனால் பக்கக் காற்றுப்பை விலையுயர்ந்த வண்டிகளோடு நில்லாமல் சிறுநகரப் பட்டறைகளுக்கும் வரத் தொடங்கியுள்ளது.