வரிசையின் அரசியல்: கடைமடையிலிருந்து சில குறிப்புகள்

வரிசை என்றாலே சமத்துவம் என்றொரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. ரேஷன் கடையில் முந்தி வந்தவருக்கு முந்தி. இணையத்தின் தொடக்ககாலக் கருவிகளும் தகவல் பாக்கெட்டுகளை வந்த வரிசையிலேயே அனுப்பின. விளைவு, அதிகமாகத் தள்ளியவருக்கே அதிக வழி கிடைத்தது. 1985இல் ஜான் நேகிள் அனுப்புகிறவர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, சுற்றிச் சுற்றி ஆளுக்கொரு பாக்கெட் எடுக்கலாம் என்றார். இதிலும் பெரிய பாக்கெட்காரருக்குத்தான் லாபம். 1989இல் டெமர்ஸ், கேசவ், ஷெங்கர் மூவரும் பாக்கெட்டை விட்டுவிட்டு பிட்டுகளை எண்ணும் முறையைத் தந்தார்கள். எதை எண்ணுகிறோம் என்பது மாறும்போதெல்லாம் ‘நியாயம்’ என்பதன் அர்த்தமும் மாறியிருக்கிறது.

தாமிரபரணிக்காரர்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். சடையநேரிக் கால்வாயில் தண்ணீர் வருமா என்று பார்த்திருக்கும் கடைமடைப் பகுதி உடன்குடிப் பக்கம். இந்தச் சீமையில் மடையைத் திறந்து அடைத்தவர் மடைக்குடும்பர். யார் வயலுக்கு முதலில், எவ்வளவு நேரம் என்ற முறையை வகுத்தவர்களோ நிலமுடையவர்கள். மடையில் நிற்கிற கை வேறு, விதி எழுதுகிற கை வேறு.

உடன்குடியில் நண்பர் ஒருவர் தன் சிறு அலுவலகத்தின் ஃபயர்வாலில் வரிசை பிரிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். குரல் அழைப்புக்கு ஒரு வரிசை, சாதாரண உலாவலுக்கு ஒன்று, பெரிய கோப்புகளுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் உறுதியான ஒரு பங்கு. அடுத்த வரிசையில் மிச்சமிருந்தால் கடன் வாங்கிக்கொள்ளலாம். வேகத்தைக் கட்டுவது ‘டோக்கன் வாளி’. சீரான கதியில் டோக்கன் விழுந்துகொண்டிருக்கும், டோக்கன் கிடைக்காத பாக்கெட் காத்துக் கிடக்கும். இது இல்லாவிட்டால் ஒருவர் படம் இறக்கும்போது இன்னொருவரின் பேச்சு அறுந்துபோகும். ஆகவே பங்கீடு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நண்பர் சொன்னார்: “வெளிய போறத நாம நிறுத்தலாம் வே. உள்ள வாறது மேல உள்ளவன் கையிலல்லா இருக்கு.”

மேலே இருப்பது யார்? 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள்மீது போலீஸ் சுட்டதில் பலர் கொல்லப்பட்டார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் 5 நாட்களுக்கு இணையத்தை நிறுத்த உத்தரவு. தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடியும் அதற்குள் அடக்கம். பிணங்களை எண்ண வேண்டிய நேரத்தில் செய்தி எல்லாமே கடைசி வரிசைக்குப் போயிற்று. அதே ஆண்டு ஜூலையில் மத்திய அரசு இணையச் சமத்துவத்தை ஏற்றது. இணையச் சேவை நிறுவனங்கள் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தடுக்கவோ வேகத்தைக் குறைக்கவோ கூடாதாம். கம்பெனிக்கு மறுத்த மடைப்பலகை அரசின் கையில் பத்திரமாக இருந்தது.

காஷ்மீரில் இன்னொரு முறை. 2019 ஆகஸ்ட்டில் முழுமுடக்கம். 2020 ஜனவரியில் மொபைல் இணையம் திரும்பியபோது வெறும் 2ஜி. 4ஜி எல்லா மாவட்டங்களுக்கும் திரும்பியது 2021 பிப்ரவரியில். கொரோனாக் காலத்துப் பிள்ளைகள் அந்த வேகத்தில்தான் பாடம் படித்தார்கள்.

அங்கே உத்தரவாவது வெளியே தெரிந்தது. ஃபயர்வாலுக்குள் எழுதப்பட்ட முன்னுரிமை தெரியாது. ‘நெட் ஸ்லோவா இருக்கு’ என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். தொழில்நுட்பம் நடுநிலையானது என்ற சொல்லாடல் உயிர்வாழ்வது இந்த மௌனத்தில்தான். எத்தனை வரிசை, யாருக்கு எவ்வளவு, வகுத்தது யார் என்று கேட்கும் உரிமை கடைமடைக்காரருக்கு உண்டு. தண்ணீருக்கு அவர்கள் அதை எப்போதும் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.