தாய்க்கு ஓய்வு தந்த சட்டம்



'பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அது வெறும் பேச்சல்ல. லயத்து வீட்டில் கண்ட அனுபவம்.

நம் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ல் தொடங்கியது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் சாலை 1931ல் முடிந்தது. அந்நாளில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில், வலி கண்டால் லயத்து மருத்துவச்சிக் கிழவிதான் துணை. கைராசிக்காரிதான். ஆனால் தொப்புள்கொடி அறுக்கும் கத்தியைக் கொதிநீரில் போட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அழுக்குக் கத்தி வழியே இரண ஜன்னிக் கிருமி புகுந்தால், பிறந்த ஏழெட்டு நாளில் பிள்ளைக்கு வாய் பூட்டிக்கொள்ளும். "காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்று அழுவார்கள். தாய்க்கோ மலேரியாவாலும் கொக்கிப் புழுவாலும் முன்பே இரத்தம் வற்றியிருக்கும்.

இந்த நிலையில் வந்ததுதான் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். கூலிகளை அனுப்ப இந்திய அரசு 1922ல் கடும் நிபந்தனைகள் விதித்த பிறகு பிறந்த சட்டம் அது. சும்மா கிடைத்த தயவல்ல. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பெண் தொழிலாளிக்குப் பேறுகாலப் பணமும் தர வேண்டும் என்றது. பார்த்தீர்களா? நம் தமிழ்ப் பள்ளியும் தாயின் ஓய்வும் ஒரே சட்டத்தில் பிறந்த உடன்பிறப்புகள்!

ஆனால் பணம் மட்டும் உயிரைக் காத்துவிடாது. 1957ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 75 குழந்தைகள் ஒரு வயதுக்குள் மாண்டன. பிறகு கிராமத்துக் கிளினிக்குகள் வந்தன. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் வந்தார்கள். 1966ல் அவர்களுக்கெனத் தனிச் சட்டமே வந்தது. 1991 முதல் பேறுகாலத்தில் ஒரு தாய் இறந்தாலும் ஏன் இறந்தாள் என்று நாடு விசாரிக்கிறது. இன்று குழந்தை மரணம் ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே.

பேறுகால விடுப்பு நெடுங்காலம் 60 நாளாக இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் 98 நாள். தகப்பனுக்கும் 7 நாள் உண்டு.

தாய்மார்களே! "ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்று கிளினிக்கைத் தள்ளிப் போடாதீர்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்துகொள்ளுங்கள். அட்டையில் சிவப்பு ஒட்டினால், மலைச்சாலை நீளம் என்பதை எண்ணி உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

மாணவர்களே! இன்றிரவு பாட்டியிடம் கேளுங்கள்: "அப்பாவை எங்கே பெத்தீங்க, யார் கூட இருந்தாங்க?" அந்தப் பதிலும் நம் வரலாறுதான்.