சைக்கிளின் பின்விளக்கு: ஒரு பழைய சண்டை

பழைய கறுப்பு சைக்கிள்களின் பின் மட்கார்டைக் கவனித்திருக்கிறீர்களா? அடிப்பகுதியில் மட்டும் வெள்ளை பெயிண்ட் அடித்து, கூடவே ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரும் வைத்திருப்பார்கள். அது அழகுக்காக வந்ததல்ல. இங்கிலாந்தில் பல வருடங்கள் நடந்த ஒரு சண்டையில், பாதி வழியில் செய்துகொண்ட சமரசம் அது.

முன்விளக்கு விஷயம் அங்கே 1888-லேயே முடிந்துவிட்டது. இருட்டில் சைக்கிள் ஓட்டினால் முன்னால் விளக்கு எரிய வேண்டும் என்று அந்த வருடச் சட்டம் சொல்லிவிட்டது. தகராறு எல்லாம் பின்விளக்கில்தான். முதல் உலகப்போரின்போது கட்டாயமாக்கினார்கள், போர் முடிந்ததும் கைவிட்டார்கள். 1927-ல் வந்த சட்டம், விளக்கு அல்லது ரிஃப்ளெக்டர், ஏதாவது ஒன்று போதும் என்றது. ரிஃப்ளெக்டர் மட்டும் வைத்திருப்பவர்கள் வெள்ளைப் பட்டையும் அடிக்க வேண்டும் என்று 1934-ல் சேர்த்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பின்விளக்கு வேண்டவே வேண்டாம் என்று மல்லுக்கு நின்றது சைக்கிள்காரர்களின் சங்கமேதான்! 1878-ல் தொடங்கிய சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப். அதன் செயலாளர் ஜி.எச். ஸ்டான்சர் இதில் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

தன் உயிரைக் காக்கும் விளக்கை ஒருவன் ஏன் எதிர்க்க வேண்டும்? அவர்கள் கேட்டது இதுதான்: பின்னால் வருபவன்தானே முன்னால் போகிறவனைப் பார்த்து ஓட்ட வேண்டும்? தன் ஹெட்லைட் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் போனால் யாரையும் இடிக்க மாட்டான். சிவப்பு விளக்கை மட்டும் தேடி ஓட்டப் பழகிவிட்டால், விளக்கே இல்லாத நடைபாதசாரியின் கதி என்ன? அதோடு, எண்ணெய் விளக்கு காற்றில் அணைந்தால் ஓட்டுபவனுக்கே தெரியாது, அது முதுகுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது. டைனமோ விளக்கோ சைக்கிள் நின்றால் தானும் நின்றுவிடும்.

இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, விபத்துக்குக் காரணமான தவறில் பாதிக்கப்பட்டவனுக்கும் ஒரு பங்கு இருந்தால் நஷ்டஈடு குறையாது... மொத்தமாகவே போய்விடும்! விளக்கைக் கட்டாயமாக்கிவிட்டால், அணைந்துபோன ஒரு திரியைக் காட்டியே கார்காரர் தப்பித்துவிடலாம். காலுடைந்த தொழிலாளிக்குக் காலணா கிடைக்காது.

ஆனால் அவர்கள் எதிர்பார்த்த மாதிரி கார்கள் நிதானமாக ஓடவில்லை. மணிக்கு 20 மைல் என்றிருந்த வேக வரம்பையே 1930-ம் வருடச் சட்டம் கார்களுக்கு எடுத்துவிட்டது. ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது 1935-ல்தான். 1934-ல் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் செத்தார்கள். நியாயம் சைக்கிள்காரன் பக்கம் இருந்திருக்கலாம், ஆனால் இடிபட்டதும் அவன்தான். இந்த இடத்தில் சங்கத்தின் கணக்கு தப்பு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாதத்தால் முடியாததை இருட்டு முடித்து வைத்தது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் தெருவிளக்குகளை அணைத்தார்கள், ஹெட்லைட்டுகளை மூடினார்கள். ஹெட்லைட் வெளிச்சமே இல்லையென்றால் ரிஃப்ளெக்டர் எதைப் பிரதிபலிக்கும்? சைக்கிளுக்குப் பின்விளக்கு மறுபடியும் கட்டாயமானது. அப்படியும் 1941-ல் சாலைச் சாவு 9,169. பிரிட்டனின் சரித்திரத்திலேயே அதுதான் அதிகம்.

இந்தத் தடவை போர் முடிந்தபோது கைவிடவில்லை. 1945-ல் தனிச்சட்டம் போட்டு நிரந்தரமாக்கிவிட்டார்கள். நஷ்டஈட்டை அடியோடு மறுக்கும் அந்தப் பழைய விதி ஒழிந்து, தவறின் அளவுக்கு மட்டும் குறைக்கலாம் என்று ஆனதும் அதே 1945-ல்தான்.