ஒரு கலயம் கள்ளின் ஒருநாள் ஆயுள்

1995இல் வந்த 'பிரெஞ்ச் கிஸ்' படத்தில், ஒரு திராட்சைக் கன்று கதாநாயகியின் பைக்குள் அவளுக்கே தெரியாமல் பாரிசுக்கு விமானம் ஏறுகிறது. அதை ஒளித்துவைத்தவன் சொந்தத் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்படுபவன். பையைத் தேடி அவள் பின்னால் அலைந்தவன், கடைசியில் அவளிடமே மனதைப் பறிகொடுக்கிறான். இப்படியொரு காதல் நகைச்சுவையைக் காரைக்காலில் வைத்து எடுத்தால் எப்படி இருக்கும்? 1739இல் பிரெஞ்சுக்காரர் வாங்கிய ஊர் என்றாலும் இங்கே திராட்சைக்கு வழியில்லை. தென்னையும் கள்ளும்தான் இந்த மண்ணின் சரக்கு.

கள்ளின் பயணம் விரியாத பாளையில் தொடங்குகிறது. பாளையை நாரால் இறுகக் கட்டி, சில நாட்கள் பதமாகத் தட்டுவார்கள். ஓங்கி அடித்தால் பாளை கெட்டுப்போகும். தட்டல் போதாவிட்டால் சாறு இறங்காது. பிறகு காலையும் மாலையும் மரமேறி, கூர் அரிவாளால் நுனியை மெல்லிய வில்லையாகச் சீவி, கலயத்தை மாட்ட வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். இறக்கும்போதே நுரை கட்டியிருக்கும். மறுநாள் புளித்து, காடியாகும் வழியில் போய்க்கொண்டிருக்கும்.

நல்ல வைன் வருடக்கணக்கில் காத்திருக்கும், கடல் தாண்டும். கள்ளுக்கு அந்த அவகாசம் இல்லை. தோப்பிலிருந்து கடைக்குப் போவதே அதன் முழுப் பயணம். அதற்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலில் கள்ளுக்கடைகளை அரசே ஏலம் விடுகிறது. கடல் நீங்கலாகச் சுற்றிலும் தமிழ்நாடு. வயலும் வாய்க்காலும் ஒன்றுதான், சட்டம் வேறு. எல்லைக்கு இந்தப் பக்கம் மரமேறும் இளைஞனும் அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்ணும் என்று வைத்தால், கதைக்கு வேறு சிக்கலே தேவையில்லை.

கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் ஒதுக்கிய வள்ளுவரே, காமத்துப்பாலில் காதலின் இனிமையைச் சொல்லக் கள்ளைத்தான் பக்கத்தில் நிறுத்துகிறார். கள் குடித்தால்தான் களிப்பு, காதலோ நினைத்தாலே களிப்பு என்பது அவர் கணக்கு. குடியால் குலைந்த வீடுகளை அறிந்தே சொல்கிறேன்: குடியின் கேடு வேறு, பாளை சீவும் கையின் நுட்பம் வேறு. உயிரைப் பணயம் வைத்து மரமேறுபவரைத் திரையில் குடிகாரராகவோ அடியாளாகவோ காட்டியது போதும். இயக்குநர்களே, விடியற்காலையில் காரைக்கால் தோப்பு ஒன்றுக்கு வாருங்கள். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அவரையே நாயகனாக்கி எழுதுங்கள்.